குழிக்குள் போன நம்பர்

செல்லப்பாண்டியைப் புதைத்த அன்று அவனுடைய போனையும் அவனோடு சேர்த்தே அனுப்பிவைத்தார்கள். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் அது வழக்கம்தான். வெற்றிலை போடுகிறவர் என்றால் வெற்றிலைப் பை, சீட்டாடுகிறவர் என்றால் ஒரு கட்டுச் சீட்டு. உயிரோடு இருந்தபோது கையை விட்டு இறங்காத பொருள் எதுவோ, அதையும் வைத்துத்தான் மண்ணைத் தள்ளுவார்கள். செல்லப்பாண்டியின் கையை விட்டு இறங்காத பொருள் போன் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாசலில் பாடை எடுக்கும்போது தம்பி காளீஸ்வரன்தான் அழுதுகொண்டே அதை அண்ணன் சட்டைப் பையில் செருகினான். "போற எடத்துலயும் வீடியோ எடுத்துப் போடுண்ணே" என்றான். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அந்த ஒரு கணம் சிரித்துவிட்டுப் பிறகு இன்னும் சத்தமாக அழுதார்கள்.

நெஞ்சுவலியில் போன மனிதனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சின்ன வயதில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவன். கையில் சேர்ந்ததைக் கொண்டு நாலு வெள்ளாடு வாங்கி, அந்த நாலைப் பட்டியாக்கினான். ஆட்டைப் பெருக்கியதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தான். பேஸ்புக்கில் 'செல்லப்பாண்டி ஆட்டுப்பட்டி' என்று ஒரு கணக்கைத் தொடங்கினான். தம்பி படம் பிடிக்க, இவன் ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு பேசுவான். "வாங்க மக்களே, இந்தக் கிடாயப் பாருங்க. இது எங்க மாமனாரு மாதிரி. சத்தம்தான் போடும், முட்டாது" என்பான். மாமனார் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் மதுரையிலும் கமுதியிலும் சாத்தூரிலும் இருந்து ஆட்கள் பார்த்தார்கள். சாமிக்குக் கிடா நேர்ந்தவர்களும் பக்ரீத்துக்கு ஆடு தேடுகிறவர்களும் நேரே பட்டிக்கே வந்து பிடித்துப்போனார்கள். நடுவில் வியாபாரி என்று ஓர் ஆள் கிடையாது.

அந்தக் கணக்கு இப்போது இல்லை. அது இல்லை என்பதே அவன் மனைவி முத்துப்பேச்சிக்கு, மல்லாங்கிணறு ஆட்டு வியாபாரி சின்னச்சாமி வந்து சொல்லித்தான் தெரியும். துக்கம் கேட்கிற சாக்கில் வந்தவர், பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி ஆட்டின் முதுகையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"மொத்தமாக் குடுத்துரு தாயி. ஒத்தப் பொம்பளை என்ன செய்வ? அந்தப் பேஸ்புக்கையும் மூடிட்டீக. இனிமே ஒன்னைய யாரு தேடி வரப்போறா?"

"மூடியாச்சா? யாருண்ணே மூடுனது?"

"அதை ஏங்கிட்டக் கேட்டா? தேடிப் பாத்தேன், காணோம். இந்தப் பக்கம் கிடைக்கவில்லைன்னு வருது."

அவர் சொன்ன விலை காதில் விழுந்திருந்தால் ஆடுகளே கோபித்துக்கொண்டு போயிருக்கும். முத்துப்பேச்சி கோபப்படவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்று மோர் கொடுத்து அனுப்பினாள். யோசிக்க அவளுக்கு நிறைய இல்லை. பட்டியை வைத்துக்கொள்வது என்று புருஷனைப் புதைத்த மறுநாளே முடிவு செய்துவிட்டாள். ஆனால் பட்டி இருந்து என்ன? வாங்குகிறவர்கள் வருகிற வழி அந்தக் கணக்கு ஒன்றுதான். அது போய்விட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் பக்ரீத் தாண்டிச் சின்னச்சாமி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

காளீஸ்வரன் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"காளீசு, அண்ணன் கணக்கு எங்கப்பா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அழிச்சுட்டேன் மதினி. கருமாதி அன்னைக்கு, ஏம் போனுல தெறந்தே கெடந்துச்சு. ஆத்தாதான் சொல்லுச்சு."

மாமியார் ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"நாந்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்போ? பாயி, தலகாணி, வேட்டி, சட்டை எல்லாத்தையும் கழிச்சுவிட்டாச்சு. அது ஒண்ணு மட்டும் எதுக்கு மிச்சம்? டீக்கடைப் பக்கம் போறேன், எவனோ ஒருத்தன் போனுக்குள்ள எம் மகன் 'வாங்க மக்களே'ங்கான். ரேசன் கடையில நிக்கேன், முதுகுக்குப் பின்னாடி 'வாங்க மக்களே'ங்கான். பெத்தவ எத்தன தடவை திரும்பித் திரும்பிப் பாப்பேன்? கழுத்து சுளுக்கிக்கிட்டதுதான் மிச்சம்."

முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கீரைக்கொத்தை எடுத்துத் தானும் உருவத் தொடங்கினாள். கொஞ்சம் உருவிய பிறகுதான் கொழுந்தனிடம் கேட்டாள்.

"அழிச்சா அழிஞ்சதுதானா? திரும்ப எடுக்க முடியாதா?"

"ஒரு மாசத்துக்குள்ள நம்மளே உள்ள போயிட்டா வந்துருமாம் மதினி. அழிக்கும்போதே தமிழ்ல போட்டுக் காட்டுச்சு. மாசம் தாண்டிட்டா அம்புட்டுத்தான், அடியோட போயிரும்."

"மாசம் எப்ப முடியுது?"

விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். "நாளைக் கழிச்சு."

"அப்ப உள்ள போ."

"பாஸ்வேர்டு தெரியும். நாந்தான வச்சேன். ஆனா அதைப் போட்டா, செல்லப்பாண்டி நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பிருக்கோம், அதச் சொல்லுங்குது."

"சொல்ல வேண்டியதுதான?"

காளீஸ்வரன் இடுகாடு இருக்கும் கண்மாய்க்கரைப் பக்கமாகக் கையைக் காட்டினான். "போனு அங்கல்ல மதினி இருக்கு."

மூன்று பேரும் கரையைப் பார்த்தார்கள். "அண்ணன் குழிக்குள்ள படுத்துக்கிட்டு ஓடிபியப் பாத்துக்கிட்டிருக்கும்" என்று அவன் முனகினான். சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் மேலே ஒன்றைச் சொல்லிவைத்தான்.

"போனு செத்திருந்தாலும் சிம்மு நல்லாத்தான் இருக்கும். ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டுப் போயித் தோண்டி…"

ஒச்சம்மாள் கீரைக்காம்பைக் கட்டோடு அவன் மூஞ்சியில் எறிந்தாள். "ஏலே, கட்டையில போறவனே! அவனைத் தோண்டுறதுக்கு முன்னாடி என்னைய உள்ள வச்சு மூடிட்டுப் போ!"

"யாரும் எதையும் தோண்ட வேண்டாம்" என்றாள் முத்துப்பேச்சி. "நம்பரு குழிக்குள்ள இல்ல. அது கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. உள்ள கெடக்கிறது வெறும் தகடு. வேற தகடு கேட்டா குடுப்பாக."

"செத்தவுக நம்பரக் குடுக்கமாட்டாக மதினி. வாரிசுச் சர்டிபிகேட்டு கேப்பாக. தாலுகா ஆபீசுல நம்ம மனு இன்னும் கெடக்கு."

"அது அவுக நம்பருன்னு யாரு சொன்னா? அது என் நம்பரு."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கதையைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் குடையை விரித்துக்கொண்டு சிம் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். செல்லப்பாண்டி கைரேகை வைத்தால் மிஷினில் விழவில்லை. கருவேல முள்ளும் கரிமூட்டச் சூடும் தின்ற விரல்கள். பத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். "என்னண்ணே, ரேகையே இல்லாம பொறந்துருக்கீக! நீங்க களவுக்குப் போனா மாட்டவே மாட்டீக" என்று சிம்காரர் கேலி செய்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற முத்துப்பேச்சியின் ஆதார் அட்டையைக் கொடுத்து, அவள் விரலை வைத்துத்தான் அந்த நம்பரை வாங்கினார்கள். வாங்கின அன்றிலிருந்து அது செல்லப்பாண்டி நம்பராகிவிட்டது. வீட்டில் பெண்டாட்டி பேரில் இருக்கிற எத்தனையோ பொருள் அப்படித்தானே ஆகிறது.

"போனவனை எதுக்குத்தா மறுபடி எழுப்புற?" என்றாள் ஒச்சம்மாள். இப்போது குரலில் கோபம் இல்லை.

"அவுகளை யாரும் எழுப்பல அத்தை. அவுக போட்டு வச்ச கடை அது. பூட்டிக் கெடக்கு, தெறக்கப் போறேன்."

ஒச்சம்மாள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். டவுனுக்குள் நுழைந்ததும் காளீஸ்வரன் வண்டியை வேறு தெருவுக்குள் திருப்பினான். கம்பெனிக்காரர்கள் கைவிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. ராஜகுரு என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், அழிந்த கணக்கை எல்லாம் எடுத்துத் தருகிறார் என்று லோடு ஏற்றும் இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். கடை வாசலில் போர்டும் இருந்தது. அழிந்த பேஸ்புக், வாட்ஸப் மீட்டுத் தரப்படும்; அடுத்தவர் அழித்ததும் பார்க்கலாம் என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் பச்சையாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"அழிச்சது எதுவுமே அழியாதுக்கா" என்றான் ராஜகுரு. "எல்லாம் அமெரிக்காவுல ஒரு பெரிய பெட்டிக்குள்ள கெடக்கும். அதுக்குள்ள போறதுக்கு எனக்கு ஒரு வழி இருக்கு."

"பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் வேண்டாமா தம்பி?"

"அதெல்லாம் உங்களுக்குத்தான். எனக்கு எதுக்கு?"

"யாரு கணக்குன்னாலும் பாத்துருவீகளா?"

"பேரை மட்டும் சொல்லுங்க."

முத்துப்பேச்சி அந்தப் பச்சை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பட்டியைப் பற்றித் தெரியும். யார் கை வைத்தாலும் திறக்கிற படலாக இருந்தால் விடியும்போது உள்ளே ஓர் ஆடுகூட மிஞ்சாது. இத்தனை கோடிப் பேர் சாமான் போட்டு வைக்கிற இடம் அப்படியா திறந்து கிடக்கும்?

"அப்ப முதல்ல இன்னொரு பேரப் பாருங்க தம்பி. வெள்ளையம்மான்னு ஒருத்தி. எங்ககூடத்தான் இருக்கா. கணக்கு வச்சிருந்து அழிச்சுட்டாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

காளீஸ்வரன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

ராஜகுரு தட்டினான், நிறுத்தினான், மறுபடி தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். "இருந்துருக்குக்கா. அழிச்சு ஆறேழு மாசம் இருக்கும். படமெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா… சொல்லவே சங்கடமா இருக்கு."

"சும்மா சொல்லுங்க."

"ரெண்டு ஆம்பளையாளு கூடப் பேச்சு ஓடியிருக்கு. முன்பணம் கட்டுனீகன்னா தெறந்தே காட்டிருவேன்."

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருக்கா."

"அதான பாத்தேன்! பட்டியில ரெண்டு கிடாயும் ஒண்ண ஒண்ணு மொறச்சுக்கிட்டே திரியுதுகளேன்னு. வெள்ளையம்மா எங்க ஆடு தம்பி. போன வாரந்தான் ரெண்டு குட்டி போட்டுருக்கு. குட்டி யார் சாயல்னு அதுலயே போட்டுருக்கா, பாத்துச் சொல்லுங்க."

சார்ஜர் வாங்க வந்து நின்றவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். காளீஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். "பேரு மாறிப்போச்சு… இது வேற ஏதோ வெள்ளையம்மா…" என்று ராஜகுரு இழுத்தான்.

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. "நீங்களும் பொழைக்கணும், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு பொம்பளை பேரச் சொன்னதும் கூட ரெண்டு ஆம்பளையச் சேத்துவிட்டீகளே? இது ஆடு, சிரிச்சுட்டுப் போறோம். நெசமாவே ஒருத்தி இருந்து, அவ வீட்டுக்காரன் இதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருந்தா அவ கதி என்ன?"

ராஜகுரு திரையை அணைத்தான். அவள் படியிறங்கி, "வண்டிய எடுப்பா" என்றாள்.

போன் கம்பெனி அலுவலகத்தில் இருந்த பெண்ணின் சட்டையில் ஹேமலதா என்று பெயர் குத்தியிருந்தது. அடுத்த மேசைக்காரியோடு தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள். நம்பரைக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"முத்துப்பேச்சி, கணவர் பெயர் செல்லப்பாண்டி. நீங்களாக்கா? சிம்மு தொலைஞ்சுபோச்சா?"

"தொலையல. இருக்கிற எடம் தெரியும், எடுக்கத்தான் முடியாது."

ஹேமலதாவுக்கு அது புரியவில்லை. கேட்டு வைக்கவும் இல்லை. ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு ரேகை மிஷினை நகர்த்தினாள். முத்துப்பேச்சி வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கட்டைவிரலுக்கும் சிவப்பு. ஆள்காட்டி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள், அதற்கும் சிவப்புத்தான். காளீஸ்வரனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. இத்தனை வருடம் முள் வெட்டியதிலும் பால் பீய்ச்சியதிலும் அவள் ரேகையும் புருஷன் ரேகை போன வழிக்கே போயிருக்கிறது. முத்துப்பேச்சி தன் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். நம்பர் தன் பேரில் இருந்தும், அதைத் தன்னுடையது என்று காட்ட ஒரு விரல் இல்லாமல் போய்விடுமோ?

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தாங்க்கா" என்றாள் ஹேமலதா. "தறியில நூலு இழுத்து இழுத்து இந்த ரெண்டு விரலும் வழுக்கையாப் போச்சு. அம்மா சௌடம்மாள் வர்றாங்கன்னாலே ரேசன் கடைக்காரர் பயந்துருவாரு, அம்புட்டுச் சண்டை. சுண்டுவிரல வைங்க. அது ஒண்ணுதான் நம்ம கையில வேலை செய்யாம இருக்கிறது."

முத்துப்பேச்சி சுண்டுவிரலை வைத்தாள். பச்சை எரிந்தது. ஹேமலதா புதுச் சிம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"பேச்சு இன்னைக்குள்ள வந்துரும்க்கா. மெசேஜு மட்டும் ஒரு நாளைக்கு வராது. எவனாவது கள்ளத்தனமா சிம்ம மாத்திப் பணத்த எடுத்துரக் கூடாதுன்னு அப்படி ஒரு கட்டுப்பாடு."

காளீஸ்வரன் அவசரமாகக் கணக்குப் போட்டான். "மதினி, நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் ஓடிபி வரும். மாசமும் நாளையோட முடியுது."

"அப்ப நேரம் இருக்குல்ல? வா, பிண்ணாக்கு வாங்கிட்டுப் போவோம்."

அடுத்த நாள் அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காளீஸ்வரன்தான் லோடுக்குப் போகாமல் வீட்டுக்கும் பட்டிக்கும் நடந்துகொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டான். போன் ஒரு தரம் துள்ளியது. அவன் ஓடிபியை அடிக்க, 'கணக்கை அழிப்பதை ரத்து செய்' என்று ஒரு நீலக் கட்டம் வந்தது. அவன் விரல் அதன்மேல் போகும்போது முத்துப்பேச்சி தடுத்தாள்.

"இரு. நீ அழிச்சவன். இதை நான் அமுக்குறேன்."

அமுக்கினாள். கட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வந்தன, பட்டி, படல், செவலைக் கிடா, நடுவில் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் செல்லப்பாண்டி. காளீஸ்வரன் தெரியாமல் தொட்டுவிட்டான், "வாங்க மக்களே!" என்று வீடே அதிரக் குரல் வந்தது.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒச்சம்மாள் வெளியே வந்து நின்றாள். காளீஸ்வரன் பயந்து போனை மறைக்கப் பார்த்தான்.

"மறைக்காத. கொண்டா" என்றாள். "எல்லாரும் சத்தத்தைத்தான கேக்க விட்டீக. ஒருத்தனாவது ஆளைக் காட்டுனீகளா?"

போனை வாங்கி எட்ட வைத்துப் பார்த்தாள். அவன் ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். மூன்றாவது தரம் பார்க்கும்போது, "பொத்தானப் போடாமயே திரியிறான் பாரு, நாலு பேரு பாக்குற எடத்துல" என்று திட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. அழிக்கச் சொன்னவள் அதற்குப் பிறகு அழிப்பது பற்றிப் பேசவில்லை.

அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கையிலேயே போன் மணியடித்தது. பயந்துபோய் மருமகளிடம் நீட்டினாள். "நான் பேசுறேன் மதினி" என்று காளீஸ்வரன் கையை நீட்டினான். முத்துப்பேச்சி கொடுக்கவில்லை.

"செல்லப்பாண்டி அண்ணே! பாலவனத்தத்துல இருந்து பேசுறேன். என்னண்ணே, ஒரு மாசத்துக்கு மேலா போனையும் அணைச்சு வச்சிட்டீக, பேஸ்புக்குலயும் காணோம். இப்பத்தான் தேடிப் பாத்தேன், வந்துருச்சு. மக பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். கோயிலுக்கு ரெண்டு கிடா வேணும்ணே."

"அவுக இறந்துட்டாகண்ணே" என்றாள் முத்துப்பேச்சி. "நான் அவுக வீட்டுக்காரி பேசுறேன்."

"அடடா… தெரியாமக் கேட்டுட்டேனே தாயி. மன்னிச்சுக்கம்மா, வச்சிர்றேன்" என்று அந்தப் பக்கம் இருந்தவர் பதறினார்.

"வைக்காதீகண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்? காதுகுத்து என்னைக்கு? கிடா இருக்கு. கறுப்பு வேணுமா, செவலை வேணுமா, சொல்லுங்க."

ஒச்சம்மாள் அவள் முழங்கையை இடித்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏத்தா, செவலையக் குடுக்காத. அது இன்னும் ரெண்டு மாசம் வளரட்டும்."